கோஸ்மோஸ் 1818: அணு உலையுடன் இன்றும் பூமியைச் சுற்றும் சோவியத் சோதனைச் செயற்கைக்கோளைக் கண்டறிந்து பின்தொடர ஒரு முழுமையான வழிகாட்டி

1987 பிப்ரவரி 1 அன்று பைகோனூர் ஏவுதளத்திலிருந்து ட்சிக்ளோன்-2 ராக்கெட் மூலம் ஏவப்பட்ட கோஸ்மோஸ் 1818, அதற்கு முன் எந்தச் செயற்கைக்கோளிலும் பறந்திராத ஓர் அணு உலையைச் சோதிப்பதற்காக அனுப்பப்பட்டது. அந்த உலை ஆறு மாதங்களுக்குள் அணைந்துவிட்டது. அதைச் சுமந்து சென்ற செயற்கைக்கோளோ, எரிபொருளுடனும் குளிர்விப்புக் குழாய்களுடனும், ஏறத்தாழ 800 கிலோமீட்டர் உயரத்தில் நாளொன்றுக்குப் பதினான்கு முறைக்கும் மேலாகப் பூமியைச் சுற்றிவருகிறது. அதன் பாதை தமிழ்நாடு, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, ஐரோப்பா, கனடா ஆகிய எல்லா இடங்களின் வானத்தையும் தொடுவதால், தமிழ் வாசகர் எங்கிருந்தாலும் அதைத் தேடிப் பார்க்க இயலும்.

இந்தச் செயற்கைக்கோள் எது என்று உறுதிசெய்வது, அதன் பாதைத் தரவைப் பெறுவது, அதைப் படித்துக் கணக்கிடுவது, எந்த மாலையில் தெரியும் என்று அறிவது, வானில் கண்டுபிடிப்பது, கண்டதைப் பயனுள்ள முறையில் பதிவுசெய்வது ஆகியவற்றை இந்த வழிகாட்டி படிப்படியாக விளக்குகிறது. ஒரு பைனாகுலரும் இணைய இணைப்பும் போதும். செயலிகள் தரும் விடையை அப்படியே ஏற்பதைவிட அந்த விடை எப்படி வருகிறது என்று புரிந்துகொள்வதே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே கணக்குக்குரிய படிகளில் சற்று நேரம் செலவிடுவோம்.

படி 1: தேடும் பொருள் எது என்று உறுதிசெய்யுங்கள்

சோவியத் ஒன்றியம் தன் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவற்றுக்கு, அவற்றின் வேலை என்னவாக இருந்தாலும், கோஸ்மோஸ் என்ற பொதுப்பெயரையே சூட்டியது. உளவு, வானிலை, கடற்படைக் கண்காணிப்பு, தொழில்நுட்பச் சோதனை என அனைத்தும் ஒரே வரிசை எண்ணில் அடங்கியதால், பெயரைக் கொண்டு மட்டும் தேடினால் தவறான பொருளில் போய் நிற்க நேரிடும். ஆகவே இரண்டு அடையாள எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, அமெரிக்கக் கண்காணிப்புப் பட்டியலில் இதற்குரிய எண்ணான 17369. இரண்டாவது, பன்னாட்டு அடையாளக் குறியான 1987-011ஏ. 1987ஆம் ஆண்டின் பதினோராவது ஏவுதலில் சென்ற முதல் பொருள் என்பது இதன் பொருள். இறுதியில் உள்ள எழுத்து ஆங்கில அகரவரிசையின் முதல் எழுத்தாகும். அதே ஏவுதலைச் சேர்ந்த சிதறல்களுக்கு அடுத்தடுத்த எழுத்துகள் தரப்பட்டிருக்கும் என்பதால், இந்த எழுத்தைக் கவனிக்காமல் விட்டால் செயற்கைக்கோளுக்குப் பதிலாக ஒரு சிறு துணுக்கைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இதற்கு ஓர் இரட்டையும் உண்டு. 1987 ஜூலை 10 அன்று ஏவப்பட்ட கோஸ்மோஸ் 1867, அதே வகைச் செயற்கைக்கோள், அதே வகை உலை, ஏறத்தாழ அதே உயரம், அதே சாய்வு. அதன் பட்டியல் எண் 18187. பன்னாட்டுக் குறி 1987-060ஏ. இரண்டையும் சேர்த்து பிளாஸ்மா-ஏ என்று அழைப்பார்கள்.

டோபாஸ் என்ற பெயரிலும் குழப்பம் ஏற்படுவதுண்டு. இந்த இரண்டு செயற்கைக்கோள்களில் பறந்தது டோபாஸ்-1 உலை. 1990களில் அமெரிக்கா ரஷ்யாவிடமிருந்து வாங்கித் தரையில் சோதித்துப் பார்த்த டோபாஸ்-2, வேறொரு வடிவமைப்பைக் கொண்டது. அது விண்வெளியில் இயங்கியதே இல்லை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காத கட்டுரைகளில் இரு உலைகளின் அளவீடுகளும் ஒன்றாகக் கலந்து கிடப்பதைக் காணலாம்.

படி 2: அது ஏன் அந்த உயரத்தில் இருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்

பாதைத் தரவில் வரும் எண்கள் எதேச்சையானவை அல்ல. 800 கிலோமீட்டர் என்ற உயரத்தைத் தேர்ந்ததற்குப் பின்னால் ஒரு விபத்தின் வரலாறு உள்ளது.

சோவியத் கடற்படை, அமெரிக்கப் போர்க்கப்பல்களைக் கண்காணிக்க ரேடார் செயற்கைக்கோள்களைப் பயன்படுத்தியது. ரேடாரின் அலை திரும்பி வரும்போது மிகவும் வலுவிழந்துவிடும் என்பதால் அவை 250 கிலோமீட்டர் அளவிலான தாழ்ந்த உயரத்தில் பறக்க வேண்டியிருந்தது. அந்த உயரத்தில் பெரிய சூரியத் தகடுகளை விரித்தால் காற்றின் இழுவை செயற்கைக்கோளை விரைவில் கீழே இறக்கிவிடும். ரேடாருக்கோ மின்சாரம் நிறையத் தேவை. ஆகவே பூக் எனப்படும் சிறிய அணு உலையை அவற்றில் பொருத்தினார்கள். பணி முடிந்ததும் உலைப் பகுதி தனியே பிரிந்து 900 கிலோமீட்டருக்கும் மேலான பாதைக்குத் தள்ளப்பட வேண்டும் என்பது திட்டம். 1977 செப்டம்பரில் ஏவப்பட்ட கோஸ்மோஸ் 954இல் அந்த ஏற்பாடு வேலை செய்யவில்லை. 1978 ஜனவரி 24 அன்று அது கனடாவின் வடமேற்குப் பகுதியில் விழுந்து, கதிரியக்கத் துண்டுகளைப் பனி மூடிய பரந்த நிலத்தில் சிதறவிட்டது. கனடா சுமார் 60 லட்சம் கனடிய டாலர் இழப்பீடு கோரியது. சோவியத் ஒன்றியம் 30 லட்சம் டாலர் கொடுத்தது. 1983இல் கோஸ்மோஸ் 1402இன் உலைக் கருவும் இவ்வாறே கட்டுப்பாடின்றி இறங்கி, தெற்கு அட்லாண்டிக் கடலின் மேல் வளிமண்டலத்தில் எரிந்தது.

புதிய உலையைச் சோதித்தபோது, தொடக்கம் முதலே அதை உயரமான பாதையில் வைத்து இயக்கியதற்குக் காரணத்தை இந்த அனுபவத்தில்தான் தேட வேண்டும். 800 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மிகமிக மெல்லியது. அங்கிருந்து இயல்பாக இறங்கிவரப் பல நூறு ஆண்டுகள் ஆகும். அதற்குள் உலைக்குள் உண்டான பிளவுப் பொருள்களில் பெரும்பகுதி சிதைந்து வலுவிழந்துவிடும். 1992 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட விண்வெளி அணு ஆற்றல் கோட்பாடுகளிலும் இதே எண்ணமே இடம்பெற்றது: அணு உலையைத் தாழ்ந்த பாதையில் இயக்கினால், பணி முடிந்தபின் அதைப் போதிய உயரமான பாதையில் சேமிக்க வேண்டும்.

உலையைப் பற்றியும் சிறிது அறிய வேண்டும், ஏனெனில் பத்தாம் படியில் நாம் காணப்போகும் 2008ஆம் ஆண்டுச் சிதறலைப் புரிந்துகொள்ள அதன் அமைப்பு தேவைப்படும். டோபாஸ்-1இல் விசையாழியோ சுழலும் மின்னாக்கியோ கிடையாது. யுரேனிய எரிபொருளால் சூடேறிய உலோகப் பரப்பிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளியேறி, மெல்லிய இடைவெளியைத் தாண்டி, எதிரே உள்ள குளிர்ந்த பரப்பை அடைகின்றன. அந்த ஓட்டமே மின்சாரம். இடைவெளியில் எலெக்ட்ரான்கள் தேங்கி ஓட்டத்தைத் தடுக்காமலிருக்க சீசியம் ஆவியைச் செலுத்துவார்கள். ஏறத்தாழ 150 கிலோவாட் வெப்பத்திலிருந்து 5 கிலோவாட் மின்சாரம் கிடைத்தது. எஞ்சிய வெப்பத்தைச் சோடியமும் பொட்டாசியமும் கலந்த திரவ உலோகம் குழாய்கள் வழியே வெப்பம் உமிழும் தகடுகளுக்குக் கொண்டுசென்று விண்வெளியில் கழித்தது. சீசியம் மறுசுழற்சி இல்லாமல் செலவாகிக்கொண்டே இருந்ததால், அதன் இருப்பே உலையின் ஆயுளைத் தீர்மானித்தது. கோஸ்மோஸ் 1818இல் உலை 142 நாட்களும், கோஸ்மோஸ் 1867இல் 342 நாட்களும் இயங்கின. இந்த மின்சாரத்தைக் கொண்டு இயங்கும் பிளாஸ்மா உந்துபொறிகளும் அவற்றில் சோதிக்கப்பட்டன. இன்று பல செயற்கைக்கோள்கள் பயன்படுத்தும் மின்சார உந்துபொறிகளின் வரலாற்றில் இவற்றுக்கும் ஓர் இடம் உண்டு.

படி 3: பாதைத் தரவைப் பெறுங்கள்

செயற்கைக்கோளிலிருந்து இப்போது எந்த வானொலிச் சைகையும் வருவதில்லை. அது எங்கே இருக்கிறது என்பதைத் தரையிலுள்ள ரேடார்களும் தொலைநோக்கிகளும் அளந்து சொன்னால்தான் உண்டு. அமெரிக்க விண்வெளிக் கண்காணிப்பு வலையமைப்பு இந்த அளவீடுகளிலிருந்து பாதையைக் கணித்து, இரு வரித் தரவாக வெளியிடுகிறது. ஸ்பேஸ்-ட்ராக் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி அதைப் பெறலாம். பழைய ஆண்டுகளின் தரவும் அங்கே கிடைக்கும். அன்றாடத் தேவைக்குச் செலஸ்ட்ராக் தளமே எளிது. அதன் தேடல் பெட்டியில் 17369 என்று இட்டால் அண்மைத் தரவு வந்துவிடும்.

ஒரு முன்னெச்சரிக்கை. இந்தத் தரவு வெளியான நேரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் துல்லியமாக இருக்கும். நாட்கள் செல்லச் செல்லப் பிழை வளரும். ஒரு வாரத்துக்குள் வெளியான தரவு பைனாகுலரால் பார்ப்பதற்குத் தாராளமாகப் போதும். ஒரு மாதத்துக்கு முன் இறக்கிவைத்த கோப்பை வைத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போகாதீர்கள்.

படி 4: இரு வரித் தரவைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

தலைப்பு வரியைத் தவிர்த்தால், தரவு 69 இடங்கள் கொண்ட இரண்டு வரிகளாக இருக்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் நிலையான இடம் உண்டு. ஓர் இடைவெளி கூடினாலோ குறைந்தாலோ மென்பொருள் தவறாகப் படித்துவிடும் என்பதால், நகலெடுக்கும்போது வரியை முழுமையாக எடுங்கள். ஒவ்வொரு வரியின் கடைசி இலக்கமும் சரிபார்ப்புக்கானது: வரியிலுள்ள மற்ற எல்லா இலக்கங்களையும் கூட்டி, கழித்தல் குறி ஒவ்வொன்றையும் 1 எனச் சேர்த்து, வரும் தொகையின் ஒன்றாம் இலக்கம் அந்தக் கடைசி இலக்கத்தோடு பொருந்த வேண்டும்.

முதல் வரியில் 19 முதல் 32 வரையிலான இடங்கள், தரவு எந்த நேரத்துக்கு உரியது என்று சொல்கின்றன. முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. புள்ளிக்குப் பின் வருவது நாளின் பின்னம். எடுத்துக்காட்டாக 08186.5 என்றிருந்தால், 2008ஆம் ஆண்டின் 186ஆவது நாள், அதாவது நெட்டாண்டில் ஜூலை 4, உலகப் பொது நேரப்படி நண்பகல் 12 மணி. இந்திய, இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டினால் மாலை 5.30. சிங்கப்பூர், மலேசிய வாசகர்கள் எட்டு மணி கூட்ட வேண்டும்.

அதே வரியில் 54 முதல் 61 வரை உள்ளது காற்றிழுவையைக் காட்டும் எண். இதைப் பத்தாம் படியில் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

இரண்டாம் வரியில் 9 முதல் 16 வரை உள்ள சாய்வு, நம் செயற்கைக்கோளுக்கு 65 பாகையை ஒட்டி இருக்கும். பூமத்தியரேகைத் தளத்துக்கும் சுற்றுப்பாதைக்கும் இடையிலான கோணம் இது. வடக்கே 65 பாகை அட்சரேகையிலிருந்து தெற்கே 65 பாகை வரை இதன் பாதை படரும் என்பதும், நம் ஊர்களின் மேல் அது பறந்தே தீரும் என்பதும் இந்த ஒரே எண்ணிலிருந்து தெரிந்துவிடும். 18 முதல் 25 வரை, பாதை பூமத்தியரேகையைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்கும் இடத்தின் வானியல் திசை உள்ளது. 27 முதல் 33 வரை உள்ள நீள்வட்டத் தன்மையை, முன்னால் தசமப்புள்ளி இருப்பதாகக் கொண்டு படிக்க வேண்டும். தொடக்கத்தில் சுழியங்கள் வந்தால் பாதை கிட்டத்தட்ட வட்டம் என்று பொருள். 53 முதல் 63 வரை, ஒரு நாளில் எத்தனை சுற்று என்பது, இங்கே 14.3ஐ ஒட்டிய எண்ணைக் காண்பீர்கள்.

அதை அடுத்து, 64 முதல் 68 வரையிலான இடங்களில் மொத்தச் சுற்றுகளின் எண்ணிக்கை இருக்கும். ஐந்து இலக்கத்துக்கு மட்டுமே இடம் உள்ளதால், ஒரு லட்சத்தைத் தொட்டதும் எண்ணிக்கை மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். நாளொன்றுக்கு 14.3 சுற்று வீதம் ஒரு லட்சம் சுற்றுக்கு 19 ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகும். 1987இல் கிளம்பிய இந்தச் செயற்கைக்கோள் இரண்டு லட்சம் சுற்றுகளை நிறைவுசெய்துவிட்டது என்பதை இந்த எளிய வகுத்தலே காட்டுகிறது. தரவிலுள்ள எண்ணைப் பார்த்துக் குறைவாக மதிப்பிட்டுவிடாதீர்கள்.

படி 5: உயரத்தையும் வேகத்தையும் நீங்களே கணக்கிடுங்கள்

ஒரு நாளைய சுற்றுகளின் எண்ணிக்கை ஒன்றே போதும், உயரம் கிடைத்துவிடும். 86,400 வினாடிகளை 14.3ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 6,042 வினாடிகள், அதாவது 100.7 நிமிடங்கள். கெப்ளரின் மூன்றாம் விதிப்படி, பாதையின் ஆரத்தின் கனம், பூமியின் ஈர்ப்பு மாறிலியான 3,98,600ஐ (கிலோமீட்டர், வினாடி அலகுகளில்) சுற்றுக் காலத்தின் வர்க்கத்தால் பெருக்கி, π (பை) என்ற மாறிலியின் வர்க்கத்தின் நான்கு மடங்கால் வகுத்த தொகைக்குச் சமம். கைப்பேசியிலுள்ள அறிவியல் கணிப்பானில் இதைச் செய்தால் ஆரம் சுமார் 7,170 கிலோமீட்டர் என்று வரும். பூமத்தியரேகையில் பூமியின் ஆரமான 6,378ஐக் கழித்தால் உயரம் 792 கிலோமீட்டர்.

வேகம் வினாடிக்குச் சுமார் 7.46 கிலோமீட்டர். இந்த வேகத்தை உயரத்தால் வகுத்தால், தலைக்கு நேர் மேலே வரும்போது வினாடிக்கு அரைப் பாகைக்குச் சற்று அதிகமாக நகரும் என்று தெரியும். முழுநிலவின் அகலம் வானத்தில் அரைப் பாகை. ஆகவே ஒவ்வொரு வினாடியும் ஒரு நிலவின் அகலத்தைக் கடக்கும் புள்ளியைத் தேடப்போகிறீர்கள். தொடுவானத்தை நெருங்கும்போது தொலைவு கூடுவதால் நகர்வு மிகவும் மெதுவாகும்.

படி 6: எந்த நாட்களில் தெரியும் என்று முடிவுசெய்யுங்கள்

தொடக்கநிலையில் இருப்போர் பெரும்பாலும் ஏமாறும் இடம் இது. செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் ஒரு நாளில் பலமுறை வந்தாலும், அதைக் காண இரண்டு நிபந்தனைகள் ஒரே நேரத்தில் நிறைவேற வேண்டும்: நம் இடத்தில் இருட்டியிருக்க வேண்டும், அதன்மீது வெயில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதற்குச் சொந்த ஒளி எதுவும் இல்லை.

792 கிலோமீட்டர் உயரத்தில் தலைக்கு நேர் மேலே உள்ள பொருளைப் பூமியின் நிழல் தொட, சூரியன் தொடுவானத்துக்குக் கீழே சுமார் 27 பாகை இறங்கியிருக்க வேண்டும். நம் பகுதியில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால், இது சூரியன் மறைந்து ஒன்றே முக்கால் மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் நிகழ்ந்துவிடும். வானம் போதுமான அளவு இருட்டுவதற்கு மறைவுக்குப் பின் 40 நிமிடமாவது தேவை. ஆக, தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மாலையில் நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு மணி நேரச் சாளரம். விடியலுக்கு முன்னும் அதேபோல் ஒன்று. கனடாவிலோ வடக்கு ஐரோப்பாவிலோ கோடைக்காலத்தில் சூரியன் தொடுவானத்தைவிட்டு அதிகம் இறங்காததால், அங்குள்ள வாசகர்கள் இரவு முழுவதும் கூடப் பார்க்கலாம்.

இந்தச் சாளரத்துக்குள் செயற்கைக்கோள் எப்போதும் வந்து நிற்பதில்லை. பூமி துருவங்களில் தட்டையாக இருப்பதன் விளைவாக, 65 பாகை சாய்வுள்ள இந்தப் பாதையின் தளம் நாள்தோறும் சுமார் 2.8 பாகை மேற்கு நோக்கித் திரும்புகிறது. சூரியனோ நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு பாகை கிழக்கு நோக்கி நகர்கிறது. இரண்டும் சேர்ந்து, பாதை நம் ஊரைக் கடக்கும் நேரம் சராசரியாக ஒவ்வொரு நாளும் 15 நிமிடம் முன்னதாகிக்கொண்டே வருகிறது. இவ்வாறு ஒரு முழுச் சுழற்சிக்கு 95 நாட்கள். ஒரு சுழற்சியில் வடக்கு நோக்கிப் போகும் கடப்புகள் ஒருமுறையும், தெற்கு நோக்கி வரும் கடப்புகள் ஒருமுறையும் மாலைச் சாளரத்துக்குள் நுழையும். ஆகவே இந்த வாரம் எதுவும் தெரியவில்லை என்றால் சோர்ந்துவிடாதீர்கள். நாட்காட்டியில் ஒன்றரை மாதம் தள்ளிப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு வாய்ப்பை மேகம் பறித்துக்கொண்டால் அடுத்தது எப்போது என்பதையும் இந்தக் கணக்கே சொல்லும்.

படி 7: கடப்பைக் கணித்துக்கொள்ளுங்கள்

ஹெவன்ஸ்-அபவ் தளத்தில் உங்கள் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைச் சரியாக இட்டு, பட்டியல் எண் கொண்டு தேடினால் அடுத்த பத்து நாட்களின் கடப்புகள் வரும். இணையமின்றிப் பயன்படுத்த ஸ்டெல்லேரியம் மென்பொருளின் செயற்கைக்கோள் இணைப்பில் இரு வரித் தரவைச் சேர்க்கலாம். எந்த விண்மீனுக்கு அருகே எப்போது போகும் என்று காண அதைவிட வசதியானது வேறில்லை. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் பைத்தானின் ஸ்கைஃபீல்ட் தொகுப்பைப் பயன்படுத்திச் சொந்தமாகக் கணிக்கலாம். இவையெல்லாம் எஸ்ஜிபி4 என்ற ஒரே கணித முறையைச் சார்ந்தவை என்பதால், ஒரே தரவைத் தந்தால் விடைகளும் நெருங்கியே இருக்க வேண்டும். நிமிடக்கணக்கில் வேறுபட்டால், நேர மண்டலத்தையோ பழைய தரவையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்போது, அதிகபட்ச ஏற்றக் கோணம் (தொடுவானத்திலிருந்து அளக்கும் உயரம்) 50 பாகைக்கு மேலுள்ள கடப்புகளை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது 10 பாகை உயரத்துக்கு மேலே எழுந்து மறைய பத்து நிமிடம் கிடைக்கும். அந்தப் பத்தில் நன்றாகத் தெரியும் நேரம் நடுவிலுள்ள நான்கைந்து நிமிடங்கள்தான். நிழலுக்குள் நுழையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நடுவானில் ஒளி குன்றிக் காணாமல் போனால், உங்கள் கண் தவறவிடவில்லை, நிழல் விழுந்தது என்று உணர அது உதவும்.

படி 8: வானில் கண்டுபிடியுங்கள்

பன்னாட்டு விண்வெளி நிலையத்தைப் போல இது கண்ணைப் பறிக்காது. வெறுங்கண்ணால் தெரிந்தால் நல்வாய்ப்பு என்று கொண்டு, 7×50 அல்லது 10×50 பைனாகுலரை நம்பியே திட்டமிடுங்கள். அதிக உருப்பெருக்கம் உள்ள தொலைநோக்கி இதற்கு ஏற்றதன்று. அதன் குறுகிய பார்வைப் புலத்தைப் புள்ளி ஓரிரு வினாடிகளில் கடந்துவிடும். 10×50 பைனாகுலரின் புலம் ஆறு பாகைக்குச் சற்று மேல் இருப்பதால், உச்சிவானில் கூட 12 வினாடி கிடைக்கும்.

பாதை முழுவதையும் துரத்துவதைவிட, ஒரு விண்மீனின் அருகே காத்திருப்பதே சரியான முறை. கணிப்பில் செயற்கைக்கோள் எந்தப் பிரகாசமான விண்மீனுக்கு ஒன்றிரண்டு பாகை அருகே போகிறது என்று பாருங்கள். சித்திரை மாதத்து மாலை என்றால் கிழக்கே சுவாதியும் சித்திரையும், மார்கழி என்றால் ரோகிணியும் திருவாதிரையும் கைகொடுக்கும். அந்த விண்மீனைப் புலத்தின் நடுவில் வைத்து, கணித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே முழங்கைகளைச் சுவரிலோ நாற்காலிக் கையிலோ ஊன்றிக் காத்திருங்கள். அசையாத விண்மீன்களுக்கு நடுவே, சிமிட்டும் விளக்கு எதுவுமின்றிச் சீராக நகரும் ஒரு புள்ளி புலத்துக்குள் நுழையும். சிவப்பு, பச்சை விளக்குகள் தெரிந்தால் அது விமானம்.

திசையைக் கொண்டும் உறுதிசெய்யலாம். நம் அட்சரேகையில் இந்தச் செயற்கைக்கோள் தென்தென்மேற்கிலிருந்து வடவடகிழக்காகவோ, வடவடமேற்கிலிருந்து தென்தென்கிழக்காகவோதான் செல்ல முடியும். மேற்கு நோக்கிச் சாய்ந்து போகும் புள்ளி எதுவானாலும் அது கோஸ்மோஸ் 1818 அன்று. இன்று அந்த உயரங்களிலும் அதற்குக் கீழேயும் எண்ணற்ற பொருள்கள் பறப்பதால், நேரம், இடம், திசை ஆகிய மூன்றும் பொருந்தினால் மட்டுமே கண்டதாகக் குறியுங்கள்.

படி 9: கண்டதை அளவீடாக மாற்றுங்கள்

பார்த்ததோடு நிறுத்திக்கொள்வது இந்தச் செயற்கைக்கோளுக்குச் செய்யும் நியாயமாகாது என்று நான் கருதுகிறேன். உள்ளே எரிபொருளை வைத்துக்கொண்டு எந்தக் கட்டுப்பாடும் இன்றிச் சுற்றும் ஒரு பொருளைப் பற்றி எத்தனை பேர் கவனமாகக் குறித்துவைக்கிறார்களோ, அத்தனைக்கு நல்லது.

கைப்பேசியின் கடிகாரம் இணைய நேரத்தோடு பொருந்தியுள்ளதா என்று முதலில் பாருங்கள். இரண்டு மங்கலான விண்மீன்களுக்கு இடையே புள்ளி கடக்கும் கணத்தில் நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தி, எந்த இரண்டு விண்மீன்கள், அவற்றுக்கிடையிலான கோட்டில் எந்தப் பகுதியில் கடந்தது என்பதை உடனே எழுதுங்கள். ஒளி மாறி மாறி மின்னினால், ஒவ்வொரு மின்னலுக்கும் இடையே உள்ள நேரத்தைத் தனித்தனியாக அளக்க முயலாமல், பத்து மின்னல்களுக்கு ஆகும் நேரத்தை அளந்து பத்தால் வகுங்கள். கைவிரலின் தாமதம் அதனால் பெருமளவு குறையும். செயற்கைக்கோள் உருள்கிறதா, உருளும் வேகம் ஆண்டுக்காண்டு மாறுகிறதா என்பதை இத்தகைய குறிப்புகளே காட்டும்.

படம் எடுக்க விரும்பினால், முக்காலியில் பொருத்திய கேமரா, அகலக் கோண லென்ஸ், ஐஎஸ்ஓ 1600, பத்து வினாடி வெளிச்சம் என்று தொடங்குங்கள். உச்சிவானில் ஐந்து பாகை நீளமுள்ள மெல்லிய கோடு கிடைக்கும். கோட்டின் இரு முனைகளும் திரை திறந்த நேரத்தையும் மூடிய நேரத்தையும் காட்டுவதால், படமே ஓர் அளவீடாகிவிடும்.

படி 10: நீண்ட காலம் பின்தொடருங்கள்

2008 ஜூலை 4 அன்று, ஏவப்பட்டு 21 ஆண்டுகளுக்குப் பின், கோஸ்மோஸ் 1818இலிருந்து ஏறத்தாழ 30 சிறு பொருள்கள் வெளிப்பட்டதை அமெரிக்கக் கண்காணிப்பு வலையமைப்பு கண்டது. நாசாவின் விண்குப்பை ஆய்வாளர்கள் அவற்றைப் பரிசோதித்து, அவை உடைந்த உலோகத் தகடுகள் அல்ல, குளிர்விப்புக் குழாயிலிருந்து கசிந்து உருண்டையான சோடியம்-பொட்டாசியத் துளிகளாக இருக்கக்கூடும் என்று கருதினர். அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் அந்தக் கலவை, எடையற்ற நிலையில் பரப்பு இழுவிசையால் கோளமாகத் திரண்டுவிடும். குழாய் ஏன் உடைந்தது என்பதற்கு இரண்டு வாய்ப்புகள் முன்வைக்கப்பட்டன: அதிவேகத்தில் வந்த சிறு துகள் ஒன்று மோதியிருக்கலாம், அல்லது வெயிலுக்கும் நிழலுக்கும் ஒவ்வொரு சுற்றிலும் மாறி மாறிச் சென்றதில் உலோகம் விரிந்து சுருங்கித் தளர்ந்திருக்கலாம். 2014இல் கோஸ்மோஸ் 1867இலும் இதுபோன்ற நிகழ்வு நடந்தது.

பழைய பூக் உலைகளின் கருவை வெளியேற்றியபோது கசிந்த இதே வகைத் துளிகளை, 1990களில் அமெரிக்காவின் ஹேஸ்டேக் ரேடார் 900 கிலோமீட்டரை ஒட்டிய உயரங்களில் பெருமளவில் கண்டறிந்திருந்தது. நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு சென்டிமீட்டர் துளி, வேறொரு செயற்கைக்கோளைச் செயலிழக்கச் செய்யப் போதுமானது. பூமியைச் சூழ்ந்துள்ள நெரிசல் மிக்க உயரங்களில் 800 கிலோமீட்டரை ஒட்டிய பகுதியும் ஒன்று. மனிதர் வாழும் நிலத்தில் உலை விழாமலிருக்கத் தேர்ந்தெடுத்த இடமே, மோதல் வாய்ப்பு கூடிய இடமாகிவிட்டது. 1980களில் எடுத்த முடிவை இன்றைய நெரிசலைக் கொண்டு குறைசொல்வது நேர்மையாகாது. எனினும் அந்த முடிவின் பொறுப்பு நம் காலத்துக்கும் இனி வரும் தலைமுறைகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

ஆகவே மாதம் ஒருமுறை இரு வரித் தரவை இறக்கி, ஒரு விரிதாளில் தேதி, ஒரு நாளைய சுற்றுகள், கணக்கிட்ட உயரம், காற்றிழுவை எண் ஆகிய நான்கையும் சேர்த்துக்கொண்டே வாருங்கள். செயற்கைக்கோள் இறங்க இறங்க ஒரு நாளைய சுற்றுகள் மிக நுண்ணிய அளவில் கூடும். சூரியச் செயல்பாடு உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் மேல்வளிமண்டலம் சூடேறி விரிவதால் இழுவை கூடும். பதினோரு ஆண்டுச் சுழற்சியின் அடங்கிய காலத்தில் குறையும். சூரியனின் அந்த ஏற்ற இறக்கத்தை உங்கள் விரிதாளிலேயே காணலாம். திடீரென ஒரு நாளில் எண் தாவினால் உடனே முடிவுக்கு வராமல் அடுத்த சில தரவுகளுக்குக் காத்திருங்கள். அளவீட்டுப் பிழைகளும் அவ்வாறு தோன்றும். தாவல் நிலைத்து நின்றாலோ, 1987-011 என்ற குறியில் புதிய எழுத்துகளோடு புதிய பொருள்கள் பட்டியலில் சேர்ந்தாலோ, அது கவனிக்கத்தக்க செய்தி.

அதே விரிதாளில் கோஸ்மோஸ் 1867க்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, மேற்கண்ட படிகள் அனைத்தையும் 18187 என்ற எண்ணுக்குச் செய்யுங்கள். சாய்வும் உயரமும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே இழுவைக்கு உட்படுகின்றன. இரண்டின் எண்களும் சேர்ந்தே மாறினால் காரணம் சூரியன். ஒன்று மட்டும் விலகினால் காரணத்தை அந்தச் செயற்கைக்கோளிடமே தேட வேண்டும்.